கழற்றும் பேட்டரியா, உள்ளே ஒட்டிய பேட்டரியா: ஸ்மார்ட்போன் வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஸ்மார்ட்போனின் உறுப்புகளில் முதலில் மூப்படைவது பேட்டரி. கீழே விழாமலும் தண்ணீர் புகாமலும் பார்த்துக்கொண்டால் திரையும் சிப்பும் நினைவகமும் ஐந்தாறு ஆண்டுகள் குறையின்றி உழைக்கும். லித்தியம் அயனி பேட்டரியோ, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாள் முதலே கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கொள்ளளவை இழந்துகொண்டிருக்கும். ஆகவே போன் வாங்கும்போது, மூன்று ஆண்டுகள் கழித்து இந்தப் பேட்டரி தளர்ந்துபோனால் அதை யார் மாற்றித் தருவார், எந்த ஊரில், எந்தப் பேட்டரியைக் கொண்டு, என்ன செலவில் என்று கேட்பது மிக அவசியம். எத்தனை எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு), பின்மூடி கையால் திறக்குமா என்பவை அதற்கு அடுத்துதான் வரும். கழற்றக்கூடிய பேட்டரியா, உள்ளே பொருத்திய பேட்டரியா என்ற தேர்வை இந்த வழியில் அணுகினால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டு அமைப்புகளும் எப்படி வேறுபடுகின்றன

கழற்றக்கூடிய பேட்டரி கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். அதன் விளிம்பில் மூன்று அல்லது நான்கு உலோகத் தொடுமுனைகள் தெரியும். அவற்றில் இரண்டு மின்சாரத்துக்கானவை, மற்றவை பேட்டரியின் வெப்பநிலை போன்ற விவரங்களைப் போனுக்குத் தெரிவிப்பவை. நகத்தால் பின்மூடியை நெம்பித் திறந்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. உள்ளே பொருத்தப்படும் பேட்டரிக்கு அத்தகைய உறை கிடையாது. மெல்லிய அலுமினியப் படலத்தாலான பைக்குள் அடைத்து, போனின் சட்டகத்தோடு பசையால் ஒட்டி, ஒரு நாடா இணைப்பால் மதர்போர்டில் பூட்டியிருப்பார்கள். உறை, தொடுமுனைகள், மூடியின் கொக்கிகள் ஆகியவை பிடித்துக்கொள்ளும் இடம் இதனால் மிச்சமாகிறது. அதே பருமனுள்ள போனுக்குள் கூடுதல் கொள்ளளவை வைக்க முடிகிறது. அதிவேக சார்ஜுக்காகப் பேட்டரியை இரண்டு கலங்களாகப் பிரித்து அமைப்பதும் இந்த முறையில்தான் எளிது.

2007-இல் வந்த முதல் ஐபோனே உள்ளே பொருத்திய பேட்டரியோடுதான் வந்தது. ஆண்ட்ராய்டு தயாரிப்பாளர்கள் அதன்பிறகும் பல ஆண்டுகள் கழற்றும் பேட்டரியைக் கைவிடவில்லை. சாம்சங் 2014-இன் கேலக்ஸி எஸ்5 வரை அதை வைத்திருந்து, 2015-இல் எஸ்6 வெளியானபோது விட்டது. எல்ஜி 2016-இல் ஜி5, வி20 ஆகியவற்றில் வைத்திருந்து, 2017-இல் ஜி6-இல் விட்டது. அதற்குப் பிறகு உயர்விலைப் போன்களில் கழற்றும் பேட்டரியைக் காண்பது அரிதாகிவிட்டது.

தண்ணீர் புகாத போன் வேண்டுமென்றால் பேட்டரியை உள்ளே ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று கடைகளில் சொல்வதுண்டு. அது முழு உண்மை இல்லை. கேலக்ஸி எஸ்5-இன் பின்மூடியை விரலால் திறக்க முடியும். ஆயினும் மூடியின் உட்புறத்தில் ஓடிய ரப்பர் விளிம்பின் துணையால் அது ஐபி67 தகுதி, அதாவது 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் தகுதி, பெற்றிருந்தது. 2024-இல் வந்த கேலக்ஸி எக்ஸ்கவர்7 கழற்றும் பேட்டரியுடனேயே அதற்கும் மேலான ஐபி68 தகுதி பெற்றது. ஆனால் அந்த ரப்பர் விளிம்பில் ஒரு மணல் துகளோ தலைமுடியோ சிக்கினாலும், மூடியின் ஒரு மூலை சரியாக அழுந்தாமல் போனாலும் காப்பு போய்விடும் என்பதால், அடிக்கடி திறந்து மூடுபவர் ஒவ்வொரு முறையும் விளிம்பைத் துடைத்து, சுற்றிலும் அழுத்தி மூட வேண்டியிருக்கும். உள்ளே ஒட்டிய போனில் இந்தக் கவலை முதல் பேட்டரி மாற்றம் வரை இல்லை. அதன்பின் அங்கும் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

பேட்டரியில் உற்பத்திக் குறை இருந்தால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு நிகழ்வுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆகஸ்ட் 2007-இல் நோக்கியா நிறுவனம், தன் போன்களுக்காக மட்சுஷிடா தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் சார்ஜ் ஏறும்போது அளவுமீறிச் சூடாகக்கூடும் என்று அறிவித்தது. போனைத் திறந்து, பேட்டரியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து, பட்டியலில் இருந்தால் அந்தப் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தது. போன் கையிலேயே இருந்தது. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட்7 போன்களின் பேட்டரிகள் தீப்பிடித்தபோது, சுமார் 25 லட்சம் போன்களை முழுதாகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மாற்றாகக் கொடுத்தவையும் தீப்பிடிக்கவே அக்டோபரில் அந்த மாடலே நிறுத்தப்பட்டது. அண்மைக் காலத்தில் கூகுள் நிறுவனம் ஜனவரி 2025-இல் பிக்சல் 4ஏ போன்களுக்கு அனுப்பிய ஒரு மென்பொருள் புதுப்பிப்பு, சில போன்களின் பேட்டரி ஏற்றுக்கொள்ளும் சார்ஜின் அளவையே குறைத்துவிட்டது; பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசமாகப் பேட்டரி மாற்றித் தருவதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது. கழற்றும் பேட்டரியாக இருந்தால், இத்தகைய மாற்றத்துக்கு ஒரு தபால் உறையும் ஒரு புதிய பேட்டரியும் போதும்.

யாருக்குக் கழற்றும் பேட்டரி உண்மையில் தேவை

இன்று கடைக்குப் போனால் கிடைப்பவற்றில் பெரும்பான்மை உள்ளே பொருத்திய வகையே. கழற்றும் பேட்டரியுள்ள ஸ்மார்ட்போன்கள் இரண்டு ஓரங்களில் ஒதுங்கியிருக்கின்றன. ஒரு பக்கம், களப்பணியாளர்களுக்கான முரட்டுப் போன்கள். இந்தியாவிலும் வெளியிடப்பட்ட கேலக்ஸி எக்ஸ்கவர்7 அத்தகையது. இன்னொரு பக்கம், மிகக் குறைந்த விலையில் வந்த தொடக்கநிலைப் போன்கள். 2023-இல் வந்த நோக்கியா சி12 ஓர் எடுத்துக்காட்டு. ஐரோப்பாவில் வாழ்பவர்களுக்கு நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனத்தின் போன்கள் என்ற மூன்றாவது வழியும் உண்டு.

கழற்றும் பேட்டரிக்காக எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். எக்ஸ்கவர்7-இன் பேட்டரி 4050 எம்ஏஎச். சார்ஜ் வேகம் 15 வாட். அதே விலைக்குக் கிடைக்கும் பிற போன்களில் கூடுதல் வேகமுள்ள சிப் இருக்கும். அதே இடத்தில் கூடுதல் ஆற்றலைச் சேமிக்கும் சிலிக்கான் கார்பன் எதிர்மின்வாயைக் கொண்ட புதிய வகைப் பேட்டரிகளோடு 6000, 7000 எம்ஏஎச் கொள்ளளவுள்ள போன்கள் சாதாரணமாக விற்கின்றன. அவை எல்லாமே உள்ளே பொருத்தியவை. ஒருநாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும் என்பதே உங்கள் தேவையென்றால், 4050 எம்ஏஎச் பேட்டரி இரண்டை மாற்றி மாற்றிப் போடுவதைவிட 7000 எம்ஏஎச் பேட்டரி ஒன்றே வசதி.

ஆனால் வேலையின் நடுவே போன் அணையக்கூடாதவர்கள் இருக்கிறார்கள். நில அளவையர், மின்வாரியக் களப்பணியாளர், கிடங்கில் பட்டைக்குறி (பார்கோடு) படிப்பவர், ஆம்புலன்ஸ் ஊழியர் போன்றோர் ஒரு பணிநேரம் முடிந்து அடுத்தவரிடம் அதே கருவியை ஒப்படைக்கும்போது, சார்ஜ் ஏறக் காத்திருக்க நேரம் இருக்காது. அவர்களுக்குக் கழற்றும் பேட்டரிதான் சரி என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. புயல் பாதையில் வாழ்பவர்களுக்கும் ஓரளவு இது பொருந்தும். நவம்பர் 2018-இல் கஜா புயல் கடந்தபின் டெல்டா மாவட்டங்களின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, சார்ஜ் ஏற்றி வைத்திருந்த எந்த மின்சேமிப்பும் அரும்பொருளாக இருந்தது.

பவர் பேங்க் இருக்கும்போது கூடுதல் பேட்டரி எதற்கு என்று கேட்கலாம். பவர் பேங்க் தன் கலத்தின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாகவோ அதற்கு மேலோ உயர்த்திக் கம்பி வழியே அனுப்ப, போன் அதை மறுபடி இறக்கித் தன் பேட்டரியில் ஏற்றுகிறது. இரு இடத்திலும் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. எனவே 10000 எம்ஏஎச் பவர் பேங்க், 5000 எம்ஏஎச் போனை இரண்டு முறை முழுதாக நிரப்பாது. கூடுதல் பேட்டரியில் இந்த இழப்பு இல்லை, கம்பி தொங்குவதும் இல்லை. மறுபுறம், பவர் பேங்க் வீட்டில் உள்ள எல்லோருடைய போனுக்கும் பயன்படும், போன் மாறினாலும் வீணாகாது. கூடுதல் பேட்டரி அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்தும், மாற்றும்போது போனை அணைத்துத் திரும்ப இயக்க வேண்டும். அவ்வப்போது மட்டுமே சார்ஜ் தீர்ந்துபோகிறவர்களுக்குப் பவர் பேங்க் போதும் என்பதே என் கருத்து.

திருட்டைப் பற்றி ஒரு சொல். பேட்டரியைப் பிடுங்கினால் எந்தப் போனும் மௌனமாகிவிடும். ஐஓஎஸ் 15 முதல் பல ஐபோன்களையும், பிக்சல் 8 முதலான கூகுள் போன்களையும் அணைத்து வைத்த பிறகும் தேடிக் கண்டறியும் வசதி வந்திருக்கிறது. பேட்டரி உள்ளேயே இருப்பதால்தான் இது முடிகிறது. பயணத்திலும் கூட்டத்திலும் அதிகம் இருப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளே பொருத்திய பேட்டரி என்றால் கடைக்குப் போகுமுன்

பெரும்பாலோர் இந்த வகையைத்தான் வாங்கப் போகிறார்கள் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில், அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலோ, ஒரே நாளில் போய்வரக்கூடிய ஊரிலோ இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். இருந்தால், வாங்குவதற்கு முன்பே அங்குத் தொலைபேசியில் அழைத்து, அந்த நிறுவனத்தின் மூன்றாண்டுப் பழைய மாடல் ஒன்றின் பெயரைச் சொல்லி, அதற்குப் பேட்டரி கையிருப்பில் உண்டா, என்ன விலை, எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். புதிய மாடலைப் பற்றிக் கேட்டால் எல்லாம் கிடைக்கும் என்றுதான் பதில் வரும். பழைய மாடலைப் பற்றிக் கேட்டால் அந்த நிறுவனம் தன் பழைய வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறது என்பது தெரிந்துவிடும். சில நிறுவனங்கள் மாடல்வாரியாக உதிரிபாக விலையைத் தங்கள் தளத்திலேயே வெளியிடுகின்றன. அப்படி வெளியிடுபவர்களுக்கு நான் முன்னுரிமை தருவேன்.

அடுத்து, பேட்டரி எப்படி ஒட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உறுதியான பசையால் ஒட்டிய பேட்டரியை எடுக்க வெப்பமோ கரைப்பானோ வேண்டியிருக்கும். கைதேராதவர் நெம்பினால் அலுமினியப் பை மடங்கி, உள்ளே மின்குறுக்கு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம். இழுத்தால் உரிந்துவரும் பட்டை ஒட்டியிருந்தால் வேலை எளிது. ஐபோன் 16-இல் ஆப்பிள் ஒருபடி மேலே போய், குறைந்த மின்னழுத்தத்தைச் சிறிது நேரம் செலுத்தினால் பிடி விட்டுவிடும் பசையைப் பயன்படுத்தியது. 9 வோல்ட் பேட்டரி ஒன்றே அதற்குப் போதும். புதிய மாடல்களைப் பிரித்துக்காட்டும் காணொளிகள், வெளியான சில நாட்களிலேயே இணையத்தில் வந்துவிடுகின்றன. பத்து நிமிடம் செலவழித்து அவற்றில் ஒன்றைப் பார்ப்பது விளம்பரங்கள் பலவற்றைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

பேட்டரி மாற்றும்போது பின்பலகையையோ திரையையோ பிரிக்க வேண்டியிருப்பதால், தண்ணீர் புகாமல் காக்கும் பசை விளிம்பு அறுந்துபோகும். புதிய பசை விளிம்பை ஒட்டி மூடுவீர்களா, மூடியபின் கசிவுச் சோதனை செய்வீர்களா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தெருமுனைக் கடையில் பழைய பசையின் மேலேயே அழுத்தி மூடிக் கொடுத்தால், பெட்டியில் அச்சிட்டிருந்த ஐபி தகுதி அன்றோடு முடிந்தது என்றே கொள்ள வேண்டும்.

சார்ஜ் சுழற்சிக் கணக்கு

பேட்டரியின் ஆயுளைச் சுழற்சி என்ற அளவால் சொல்கிறார்கள். மொத்தமாக 100 விழுக்காடு சார்ஜைச் செலவழித்தால் ஒரு சுழற்சி. இன்று பாதி, நாளை பாதி செலவழித்தாலும் இரண்டும் சேர்ந்து ஒன்றுதான். ஆப்பிள், ஐபோன் 14-க்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் 500 சுழற்சிக்குப் பிறகு 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சும் என்றும், ஐபோன் 15 வரிசைக்கு 1000 சுழற்சி என்றும் சொல்கிறது. இந்த எண் பெட்டியின்மேல் பெரும்பாலும் இருக்காது. நிறுவனத்தின் தளத்தில் தேடி எடுக்க வேண்டும்.

கொள்ளளவும் சுழற்சியும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று ஒரு கணக்கால் பார்ப்போம். உங்கள் ஒருநாள் பயன்பாடு 3500 எம்ஏஎச் என்று வைத்துக்கொண்டால், 5000 எம்ஏஎச் போனில் நாளொன்றுக்கு 0.7 சுழற்சி முடியும். 800 சுழற்சி தாங்கும் பேட்டரி மூன்றாண்டுக்குச் சற்று மேல் வரும். அதே பயன்பாட்டுக்கு 7000 எம்ஏஎச் போனில் நாளொன்றுக்கு அரைச் சுழற்சிதான் ஆகும். அதே 800 சுழற்சி நான்காண்டைத் தாண்டும். ஆகவே உள்ளே பொருத்திய வகையை வாங்குபவர், கையில் கனக்காத அளவுக்குப் பெரிய பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது, மாற்ற வேண்டிய நாளைத் தள்ளிப்போடும் நல்ல வழி. 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரவெல்லாம் சார்ஜில் விடும் பழக்கமுள்ளவர்களுக்கு அது பெரிதும் உதவும்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் மிதமான வெப்பநிலைக்கானது. சூழலின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. வேலூரிலும் திருச்சியிலும் கோடையில் 40 டிகிரி என்பது புதிதில்லை. வண்டியின் கைப்பிடியில் போனைப் பூட்டி, உச்சிவெயிலில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, வரைபடத்தைப் பார்த்தபடி, கூடவே சார்ஜும் போட்டுக்கொண்டு ஓட்டும் உணவு விநியோக ஊழியரின் பேட்டரி, குளிரூட்டிய அறையில் இருப்பவருடையதைவிட மிக விரைவில் தளரும். இந்த வேலையில் இருப்பவர்கள் பேட்டரியை மாற்றும் செலவை, இயன்றால் வாங்கும்போதே, போனின் விலையோடு கூட்டிப் பார்ப்பது நல்லது.

கழற்றும் வகை என்றால் பார்க்க வேண்டியவை

கழற்ற முடிவதால் மட்டும் பயனில்லை. அதற்குப் பதிலாகப் போடுவதற்கு நல்ல பேட்டரி கிடைக்க வேண்டும். போனை வாங்கும் அன்றே அதன் பேட்டரி மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணுள்ள ஒரிஜினல் பேட்டரியை நிறுவனம் தனியாக விற்கிறதா என்று பாருங்கள். விற்கவில்லையென்றால், கழற்றும் வசதி இரண்டு மூன்று ஆண்டுகளில் உங்களை டூப்ளிகேட் கடையில்தான் கொண்டுபோய் நிறுத்தும். அந்த நிலையில், ஊரிலேயே நல்ல சர்வீஸ் சென்டர் உள்ள உள்ளமைந்த பேட்டரிப் போன் மேலானது.

இப்போதே ஒரு கூடுதல் பேட்டரி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சும்மா இருந்தாலும் பேட்டரி மூப்படையும் என்பதால், மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் போவதாக இருந்தால் மட்டும் இரண்டாவதை இப்போது வாங்குங்கள். மாற்றுக்கென்றால் தேவை வரும்போது, அண்மையில் தயாரான தேதியுள்ளதாகப் பார்த்து வாங்குவதே சிறந்தது. இரண்டை வைத்துக்கொள்பவர்களுக்குத் தனிச் சார்ஜர் தொட்டிலும் தேவைப்படும். அது இல்லையென்றால் ஒவ்வொன்றையும் போனுக்குள் போட்டுத்தான் ஏற்ற வேண்டும், பாதிப் பயன் போய்விடும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற உதிரிபாகச் சந்தைகளில் பேட்டரி வாங்குபவர் சிலவற்றை நிதானமாகச் சோதிக்க வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் இத்தகைய பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. பேட்டரியின்மேல் அமைவனத்தின் முத்திரையும், ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால், அது எந்த நிறுவனத்தின் எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்று காட்டும். முத்திரையைப் போலியாக அச்சிட்டிருந்தால் இங்கே அகப்பட்டுவிடும். அதே அளவுள்ள ஒரிஜினலில் 4000 என்றிருக்க, இன்னொன்றில் 6000 என்று அச்சிட்டிருந்தால் கையில் தூக்கிப் பாருங்கள். அதே அளவிலும் எடையிலும் ஒன்றரை மடங்கு ஆற்றலைச் சாதாரண லித்தியம் பேட்டரிக்குள் அடைக்க முடியாது. ஒரிஜினலைவிட எடை குறைவாக இருந்தால் ஐயமே வேண்டாம், அது போலி. பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோவது இந்த ஒப்பீட்டுக்கு உதவும்.

கழற்றும் பேட்டரிக்கு இன்னொரு நன்மை, அதன் உடல்நிலையைக் கண்ணால் பார்க்க முடிவது. சமமான மேசைமீது படுக்க வைத்து விரலால் சுண்டிப் பாருங்கள். நல்ல பேட்டரி உராய்ந்து நின்றுவிடும், நடுவில் உப்பிய பேட்டரி பம்பரம்போல் சுழலும். உப்பியதை அதற்குமேல் ஒருமுறைகூடச் சார்ஜ் போடக்கூடாது. உள்ளே பொருத்திய போனில் இதை அறிய, பின்பலகை விளிம்பில் மெல்லிய இடைவெளி தெரிகிறதா, திரை ஓரிடத்தில் மேலெழும்பியிருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் தொடுமுனைகளில் பச்சை படிகிறதா என்றும் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து, உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும்.

மென்பொருளின் ஆயுளையும் பேட்டரியோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். நோக்கியா சி12-க்கு வெளியானபோது வாக்களிக்கப்பட்டது இரண்டாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டுமே. பேட்டரியை நான்குமுறை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், புதுப்பிப்பு நின்றுபோன போனில் வங்கிச் செயலிகளைத் தொடர்ந்து வைத்திருப்பது பாதுகாப்பில்லை. இதற்கு நேர்மாறாக, பிக்சல் 8 முதலும் கேலக்ஸி எஸ்24 முதலும் அந்தந்த வரிசைகளுக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஏழாண்டு ஓடும் போனுக்குக் குறைந்தது ஒருமுறையாவது பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும். புதுப்பிப்புக் காலமும் பேட்டரி கிடைக்கும் காலமும் ஒத்துப்போகும் போனே வாங்கத் தகுந்தது.

சட்டங்கள் எங்கே போகின்றன

ஐரோப்பிய ஒன்றியத்தில் 20 ஜூன் 2025 முதல் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களின் பேட்டரி, 800 சுழற்சிக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவைக் காக்க வேண்டும். பயனரே பேட்டரியை மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. ஆனால் 500 சுழற்சிக்குப் பிறகு 83 விழுக்காடும் 1000 சுழற்சிக்குப் பிறகு 80 விழுக்காடும் நிற்கும் பேட்டரியுடன், தூசியும் நீரும் புகாத காப்பும் சேர்ந்திருந்தால் அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. பெரிய நிறுவனங்கள் இந்த விலக்கின் வழியே செல்ல முடியும் என்பதால், எல்லாப் போன்களிலும் பழையபடி நகத்தால் திறக்கும் மூடி திரும்பிவிடும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கையடக்கக் கருவிகளுக்கான பொதுவான பேட்டரி விதி 18 பிப்ரவரி 2027-இல் நடைமுறைக்கு வருகிறது.

இந்த விதிகளால் நமக்கும் ஒரு பயன் உண்டு. ஐரோப்பாவில் விற்கும் போன்களின் ஆற்றல் சீட்டில் (எனர்ஜி லேபிள்) பேட்டரி எத்தனை சுழற்சி தாங்கும், பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பன அச்சிடப்படுகின்றன. இங்கிருந்தே இணையத்தில் அவற்றைப் பார்க்கலாம். ஆனால் ஒரே பெயருள்ள போனுக்கு இரு சந்தைகளில் இரு பேட்டரிகள் இருக்கக்கூடும். நத்திங் போன் 3 பிற நாடுகளில் 5150 எம்ஏஎச், இந்தியாவில் 5500 எம்ஏஎச் பேட்டரியோடு வந்தது. எனவே சீட்டில் உள்ள கொள்ளளவு உங்கள் கையில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று முதலில் சரிபாருங்கள்.

இந்தியாவில், நுகர்வோர் விவகாரத் துறை டிசம்பர் 2022-இல் ரைட் டு ரிப்பேர் என்ற தளத்தைத் தொடங்கியது. நிறுவனங்களின் பழுதுபார்ப்பு விவரங்களையும் உதிரிபாகத் தகவல்களையும் ஓரிடத்தில் திரட்டித் தருவது அதன் நோக்கம். உத்தரவாதக் காலத்தில் பேட்டரியில் குறை வந்தும் சர்வீஸ் சென்டர் மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஆனால் பல நிறுவனங்கள் பேட்டரிக்கான உத்தரவாதத்தைப் போனுடையதிலிருந்து பிரித்தே எழுதுகின்றன. பெட்டிக்குள் இருக்கும் உத்தரவாத அட்டையில் அந்த வரியை வாங்கும் இடத்திலேயே படித்துவிட வேண்டும்.

பழைய போனையும், மாற்றிய பேட்டரியையும்

இரண்டாம் கைப் போன் வாங்குபவருக்கு இந்தக் கேள்விகள் இன்னும் முக்கியம். ஐபோனில் அமைப்புகளுக்குள் பேட்டரிப் பகுதியைத் திறந்தால் மிஞ்சியிருக்கும் கொள்ளளவு விழுக்காட்டில் தெரியும். ஐபோன் 15 முதல் சுழற்சி எண்ணிக்கையும் தெரியும். சாம்சங் போன்களில் சாம்சங் மெம்பர்ஸ் செயலியின் சோதனைப் பகுதியில் பேட்டரி நிலையைப் பார்க்கலாம். விற்பவர் காட்டும் படத்தை நம்பாமல், போனைக் கையில் வாங்கி நீங்களே திறந்து பார்க்க வேண்டும். கொள்ளளவு 80 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால், அதிகாரபூர்வ மையத்தில் பேட்டரி மாற்ற ஆகும் செலவைக் கேட்டுத் தெரிந்து, அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள். நியாயமான விற்பனையாளர் இதற்கு மறுக்க மாட்டார்.

கூடுதல் பேட்டரியைப் பையில் எடுத்துச் செல்பவர்கள் அதன் தொடுமுனைகள் சாவியிலோ நாணயத்திலோ படாதபடி பிளாஸ்டிக் உறையில் இட்டு வைக்க வேண்டும். விமானத்தில் கூடுதல் பேட்டரியையும் பவர் பேங்கையும் சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். சில வாரங்கள் பயன்படுத்தப் போவதில்லையென்றால் பாதியளவு சார்ஜோடு, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். முழுதாக நிரப்பியோ அறவே தீர்ந்தோ கிடந்தால் அது விரைவில் கெடும்.

மாற்றி எடுத்த பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினாலே தீப்பிடிக்கக்கூடியது அது. தொடுமுனைகளின்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி, பேட்டரியை மாற்றித் தந்த சர்வீஸ் சென்டரிலோ, மாநகராட்சியோ நிறுவனங்களோ நடத்தும் மின்கழிவுச் சேகரிப்பு இடத்திலோ ஒப்படையுங்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, சந்தையில் விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. உப்பிய பேட்டரியாக இருந்தால் ஊசியால் குத்தவோ அழுத்தவோ கூடாது. ஒப்படைக்கும் நாள்வரை மணல் நிரப்பிய உலோக டப்பாவில், வீட்டுக்கு வெளியே, நிழலில் வைத்திருங்கள்.